தாடிக்குத் தடவிய மாஜரின்

வேண்டுதல் வைத்தவன் அது முடியும்வரை கடல் பக்கம் போகக்கூடாது. இதை எந்தச் சாமியாரும் எனக்குச் சொல்லவில்லை. மீன்கள்தான் சொல்லிக்கொடுத்தன.

எண்பதுகளில் லூனாஸ் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஆலையில் வேலை எனக்கு. பக்கத்து ஊரான கூலிமில் கமலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். அவள் "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அன்றைக்கே முருகனிடம் சொல்லிவிட்டேன்: அவள் சரி என்றால் தைப்பூசத்துக்குப் பால்குடம். பதில் வருவதற்குள் விரதத்தையும் தொடங்கிவிட்டேன் (அவசரக்குடுக்கை). கவிச்சி இல்லை, சவரம் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து கமலாவின் அண்ணன் ராஜன், லங்காவிப் பக்கம் ஒரு தீவுக்குக் கூப்பிட்டார். முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், கடலுக்குள் மீன் பார்க்கலாமாம்.

"தம்பி, நீச்சல் தெரியும்லா?"

படகில் கமலாவும் இருந்தாள். "ஆத்துலயே வளர்ந்தவன்ணே" என்றேன். (தோட்டத்து ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்ததில்லை.)

தீவு வந்ததும் கண்ணாடியை மாட்டி, படகிலிருந்தபடியே கடலுக்குள் முகத்தை விட்டதுமே உள்ளே தண்ணீர். படகோட்டி மலாய்க்காரர் என் தாடியைக் காட்டிச் சிரித்தார்: "ஜங்குட் லா! ஆயர் மாசோக்!"

"தாடி இருந்தா தண்ணி பூந்துருமாம். பையில பிளேடு இருக்கு, வழிச்சுருவமா?" என்றார் ராஜன்.

"ஐயோ வேணாம்ணே, வேண்டுதல்!"

"அப்படி என்ன வேண்டுதல்?" கேட்டது கமலா. காது கேட்காதவன் மாதிரி சுற்றிலும் பார்த்தேன். எனக்காக அவள் கொண்டுவந்த ரொட்டியும், வெண்ணெய் மாதிரி அதில் தடவும் மாஜரின் டப்பாவும் கண்ணில் பட்டன. இடைவெளியை அடைத்தால் தண்ணீர் எப்படி வரும்? இரண்டு விரலால் வழித்துத் தாடி மீசை முழுக்க அப்பிக்கொண்டு குப்புறக் கடலில் விழுந்தேன்.

உண்மையிலேயே தண்ணீர் வரவில்லை. மீன் வந்தது.

முதலில் ஒன்று. அப்புறம் அதன் சொந்தபந்தம் மொத்தமும். நான் மீனைத் தொட்டு இருபது நாளாகியிருந்தது. மீன்களுக்கு அப்படி ஒரு விரதமும் இல்லை. தாடியைப் பிடித்து இழுத்தன. குழாய் வாயில் இருப்பதை மறந்து "முருகா!" என்று அலறினேன். பாதிக் கடல் உள்ளே போனது. கையும் காலும் உதறி, சாகப்போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

"தம்பி! எந்திரிச்சு நில்லுங்க!"

நின்றேன். தண்ணீர் இடுப்பளவு.

திரும்பும்போது படகில் ராஜன் தோள் குலுங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலா மெல்லக் கேட்டாள். "இப்பவாச்சும் சொல்லுங்க. என்ன வேண்டுதல்?"

எல்லா மானமும் போன பிறகு மறைக்க என்ன இருக்கிறது? "நீங்க சரின்னு சொன்னா பால்குடம் எடுக்கிறதா..."

அவள் துண்டை என்னிடம் நீட்டினாள். "தாடியைத் தொடைங்க. தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கு, குடத்தை இப்பவே வாங்கி வச்சுருங்க."

அது சரி என்பதா என்று புரிந்துகொள்ள எனக்குக் கரை வரை ஆனது.

வருஷம் தவறாமல் இன்றும் பால்குடம் எடுக்கிறேன். நான் தாடி விடத் தொடங்கியதும், வீட்டில் மாஜரின் டப்பா அலமாரிக்குள் போய்விடும். சாவி கமலாவிடம்.