சரளைக் குவாரியும் என் மூன்று நிமிடங்களும்

அன்பும் மரியாதையும் உள்ள அக்கா டெலோரஸுக்கு,

தம்பி வெண்டல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆர்டிஸும் நலம். அரிசோனாவில் நீயும், நீ ஆசையாக வளர்க்கும் அந்த முள்செடிகளும் நலமாக இருக்க ஆண்டவர் அருள் செய்வாராக. இங்கே பனி உருகிவிட்டது. சாலையெல்லாம் சேறு. கீழ்வயலில் வாத்துகள் வந்து இறங்கியிருக்கின்றன. சோளம் விதைக்க மண் இன்னும் காயவில்லை. என் முழங்கால் பரவாயில்லை. ஆர்டிஸின் தோள் அதைவிடப் பரவாயில்லை. தேவாலயத்துக்குப் புதுக் கூரை போட்டாயிற்று. பழைய கூரையே ஒழுகவில்லை என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

அக்கா, பார்த்தாயா, அரைப் பக்கம் போய்விட்டது, சொல்ல வந்த விஷயத்தை நான் இன்னும் தொடவே இல்லை. போன வியாழக்கிழமை நடந்த விபரீதமும் சரியாக இப்படித்தான் நடந்தது.

வெள்ளிக்கிழமை நீ போன் செய்து கூட்டம் எப்படிப் போனது என்று கேட்டபோது நான் "பரவாயில்லை" என்றேன். நீ அதை நம்பி, லியோ அத்தான் போன பிறகு இப்போதுதான் நிம்மதியாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது என்றாய். ஆகஸ்டில் வந்து இறங்கியதும் அப்பா உனக்கு விட்டுப்போன வெள்ளை வீட்டில் படுக்கையறை ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று வேறு கேட்டாய். நானும் வெட்கமில்லாமல் நீலம் நன்றாக இருக்கும் என்றேன். அக்கா, திரை நீலமாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் அதற்கு வெளியே காலை ஆறு மணியிலிருந்து டிப்பர் லாரி போகப் போகிறது. அதற்குக் காரணம் ராய்ஸ் லிண்டல் இல்லை, கவுண்டி அலுவலகமும் இல்லை. உன் சார்பாகப் பேசிவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போன நான்தான். போனில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு மறுபடியும் பரவாயில்லை என்றுதான் வாயில் வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். ராய்ஸ் தன் அப்பாவின் நிலத்துக்கு அடியில் நல்ல சரளை கிடக்கிறது என்று கண்டுபிடித்து, அதை விவசாய மண்டலத்திலிருந்து மாற்றி, குவாரி தோண்ட அனுமதி கேட்டு கவுண்டிக்கு விண்ணப்பம் போட்டிருந்தான் அல்லவா. லாரி போக வேண்டுமென்றால் நம் சாலையை அகலப்படுத்த வேண்டும், அகலப்படுத்த வேண்டுமென்றால் உன் வீட்டு முன்னால் இருக்கும் லைலாக் பூச்செடி வேலி போக வேண்டும். இதைக் கேட்டு நாங்கள் பத்துப் பேர் வெர்னா வீட்டில் கூடினோம். வெர்னாவை உனக்குத் தெரியும், நமக்கு வடக்கே இருக்கிறவள், உன்னோடு பள்ளிக்கூட பஸ்ஸில் வந்தவள். எல்லோருக்கும் பயங்கரக் கோபம். நம் பக்கத்துக் கோபம் எப்படி இருக்குமென்று உனக்குத் தெரியாதா, எல்லோரும் இரண்டாவது கோப்பை காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யார் பேசுவது என்ற கேள்வி வந்ததும் அத்தனை பேரும் கேக் தட்டையே பார்த்தார்கள். நம் வழக்கப்படி எதையும் மூன்று முறை மறுக்க வேண்டும், மூன்றாவது மறுப்புக்குத்தான் மதிப்பு. நான் இரண்டு முறை மறுத்துவிட்டேன். மூன்றாவதுக்கு வாயைத் திறக்கும்போது வெர்னா என் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்துவிட்டாள். அதை வாயில் வைத்துக்கொண்டு நான் எப்படி மறுப்பது. "ரோட்டை ஒட்டி இருக்கறது உங்க அக்கா வீடு. நீங்க சொன்னாத்தான் எடுபடும், வெண்டல்" என்றாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரம் கொட்டகையில் நின்று அறுவடை இயந்திரத்தின் முன்னால் பேசிப் பழகினேன். தூசி, சத்தம், கிணற்றுத் தண்ணீர், புருஷனை இழந்துவிட்டு அமைதியாக வாழ வரும் என் அக்கா என்று வரிசையாக வரும். அக்கா என்ற இடத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன். பேச்சு சரியாக மூன்று நிமிடம், ஏனென்றால் கவுண்டியில் ஒரு ஆளுக்கு அவ்வளவுதான் கொடுப்பார்கள். வியாழக்கிழமை ஆர்டிஸ் முன்கூட்டியே வெர்னாவின் காரில் போய்விட்டாள். நான் நல்ல ஷூ போட்டுக்கொண்டு என் பிக்கப் வண்டியை எடுத்தேன். பாலத்தைத் தாண்டியதும் சேற்றில் வழுக்கி வண்டி சாலையோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. முன்பக்கம் புகை. மேலே ஏறி வந்து பார்த்தால் சாலையில் ஈ காக்காய் இல்லை. கடைசியில் ஒரு வண்டி வந்தது. யார் வண்டி என்று நினைக்கிறாய்? ராய்ஸ் வண்டிதான்.

அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அக்கா. கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த நல்ல பேண்ட்டோடு பள்ளத்தில் இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் நின்று, சங்கிலி கட்டி என் வண்டியை மேலே இழுத்துவிட்டான். வண்டி கிளம்பவில்லை. "ஏறுங்கண்ணே, நானும் அங்கதான் போறேன்" என்றான். ஏறினேன். பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தான். குடித்தேன். ஆர்டிஸின் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். நான் எதற்குப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியும், அது அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். வழியெல்லாம் நாங்கள் வாத்துகளைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

கவுண்டி அலுவலக வாசலில் வெர்னாவும் ஆர்டிஸும் மற்றவர்களும் நிற்கிறார்கள். அவர்கள் கண் முன்னால், ராய்ஸின் வண்டியிலிருந்து, ராய்ஸின் காப்பிக் கோப்பையோடு நான் இறங்கினேன். உள்ளே போனால் வருகைப் பதிவுத் தாளில் ஆதரவு என்று ஒரு பக்கம், எதிர்ப்பு என்று ஒரு பக்கம். எனக்குப் பின்னால் ராய்ஸ் நிற்கிறான், அவன் பேண்ட்டிலிருந்து சேறு சொட்டுகிறது. அவன் பார்க்க எதிர்ப்பு என்ற பக்கம் எழுதக் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டின் மேலேயே என் பெயரை எழுதிவிட்டு வந்தேன். திரையில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். உன் வீடு ஒரு சாம்பல் நிறக் கட்டம், ஆளில்லாத கட்டடம் என்று அதன் மேல் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு நல்ல வேகம் இருந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் நேரம் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, முதலில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், ராய்ஸ் நல்ல பிள்ளை என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது? ஒரு மனிதனை எதிர்ப்பதற்கு முன்னால் அவனை நல்லவன் என்று சொல்வதுதானே நம் பக்கத்து முறை. எவ்வளவு கடுமையாக எதிர்க்கப் போகிறோமோ அவ்வளவு நீளமாக அவனை நல்லவன் என்று சொல்ல வேண்டும். நானோ மிகக் கடுமையாக எதிர்க்கப் போகிறவன். அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஆர்டிஸுக்கு ஆபரேஷன் நடந்தபோது கேட்காமலே வந்து நம் வைக்கோலைக் கட்டி அடுக்கிவிட்டுப் போனதைச் சொன்னேன். சற்று முன்னால் பள்ளத்தில் இறங்கியதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன், அதனால் அதையும் சொன்னேன். பேண்ட்டைக்கூடக் காட்டினேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு வந்தது. முன்வரிசையில் ராய்ஸின் மனைவி ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவள் அடுப்பில் சுடும் ஆப்பிள் பையின் ருசியைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னேன். பிறகு மூச்சை இழுத்து, என் பேச்சுத் தாளைப் பிரித்து, "ஆனாலும்" என்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

தலைவர் நல்ல மனிதர், அவரும் நம்மைப் போலத்தான். "ரொம்ப நல்லா சொன்னீங்க, வெண்டல். அப்ப உங்க அக்கா சார்புல ஆட்சேபம் ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

வெர்னா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். ராய்ஸ் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும், அக்கா. கூடாது என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல மூன்று நிமிடமும் வேண்டாம்.

நான் "பரவாயில்லை" என்றேன்.

ஐந்து உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். சாலையை ஒட்டிய வீட்டின் சார்பில் வந்தவரே மனமார ஆதரித்துப் பேசியதைக் கணக்கில் கொண்டு என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்து வெர்னாவின் காரை நோக்கிப் போனேன். ஆர்டிஸ் முன்னால் உட்கார்ந்திருந்தாள், பின் இருக்கை முழுவதும் காலி. "வண்டில எடம் இல்லையே, வெண்டல்" என்றாள் வெர்னா, மிக மென்மையாக. திரும்பியும் ராய்ஸின் வண்டியில்தான் வந்தேன். வழியெல்லாம் அவன் நன்றி சொல்லிக்கொண்டே வந்தான், நான் வாத்துகளைத் தேடினேன், ஒன்றையும் காணோம்.

இப்போது ஊரில் என் நிலைமையைக் கேள். நம் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலைத் தூக்குவது எப்போதும் உள்ளதுதானே. முன்பின் தெரியாதவனுக்கும் தூக்குவோம், வாக்கு சேகரிக்க வருகிறவனுக்கும் தூக்குவோம். நான் ஆர்டிஸின் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பி கொடுக்கும்போது ஆர்டிஸ் கொண்டுபோன எலுமிச்சைக் கேக் துண்டுகளை ஒருவரும் தொடவில்லை, தட்டு நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தது. தப்பு செய்தது நான், தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது அவள். வீட்டுக்கு வந்து அதில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசினீங்க. அந்த ஆப்பிள் பையை மட்டும் விட்டிருக்கலாம்" என்றாள். அன்று முழுவதும் நான் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அறுவடை இயந்திரத்தின் முகத்தில் முழிக்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா, எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருக்கிறது. சின்ன வயதில் பஸ்ஸில் பெரிய பையன்கள் என் தொப்பியைப் பிடுங்கினால், நீ எழுந்து நின்று குடுடா என்று சொல்லி வாங்கித் தருவாய். நான் பக்கத்தில் நின்று, பரவாயில்லை விடு என்பேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக நீ எனக்காக இல்லாமல் உனக்காக ஒன்று கேட்டாய்.

ஆனால் காரியம் இன்னும் கைமீறிப் போகவில்லை. அந்த ஐந்து பேர் குழு சிபாரிசுதான் செய்யலாம், முடிவு செய்வது கவுண்டி சபை. அவர்கள் கூடுவது வருகிற செவ்வாய் இல்லை, அதற்கு அடுத்த செவ்வாய். அங்கேயும் மூன்று நிமிடம் உண்டு. நான் முதல் வார்த்தையாகவே வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். பாராட்டெல்லாம் பிறகு, நேரம் இருந்தால். இன்றிலிருந்து பரவாயில்லை என்ற சொல்லை என் வாயால் சொல்வதில்லை என்று ஆர்டிஸ் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். காலையில் முட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். உப்பு அதிகம் என்றேன். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் முதல் முறை. நீ திரைத் துணியை வாங்கி வை, நீலமே வாங்கு. உன் ஜன்னலுக்கு வெளியே லைலாக் அப்படியே நிற்கும், அதற்கு நான் பொறுப்பு.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். உன் தூக்கம் கெடாமல் இருக்கட்டும், உன் தம்பிக்கு முதுகெலும்பு முளைக்கட்டும். ஆர்டிஸ் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். முள்செடிகளுக்கும் என் விசாரிப்புகள்.

உன் உடன்பிறப்பு,
வெண்டல் ஓஸ்ட்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ராய்ஸ் வந்தான். ஜோலீன் ஒரு ஆப்பிள் பை கொடுத்து அனுப்பியிருந்தாள். ஆர்டிஸ் வீட்டில் இல்லை. வந்தவனை நிற்க வைத்துப் பேச முடியுமா, உட்காரச் சொன்னேன், ஆளுக்கு ஒரு துண்டு வெட்டினேன். லாரிக்கு எடை போட்டு ரசீது கொடுக்கிற ஆளுக்குக் கூரையோடு ஓர் இடம் வேண்டுமாம், வெள்ளை வீடு சும்மாதானே கிடக்கிறது, குளிரில் குழாய் உறையாமல் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நான் முட்டையை நினைத்துக்கொண்டு, தைரியத்தையெல்லாம் திரட்டி, அக்கா ஆகஸ்டில் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஆகஸ்டு வரைக்கும் நாங்க பூட்டித் தெறந்து வச்சிருக்கோம்ணே" என்றான். வாயில் பை இருந்தது, அக்கா. எந்த வார்த்தை வெளியே வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

நீ ஆகஸ்ட் வரை காத்திருக்காதே. அந்தச் செவ்வாய்க்கு முன்னால் கிளம்பி வா, எனக்குப் பதிலாக நீயே எழுந்து நின்று பேசு. விமான நிலையத்துக்கு நானே வந்திருப்பேன், ஆனால் என் வண்டி இன்னும் பட்டறையில் கிடக்கிறது, ஆர்டிஸின் கார் அவ்வளவு தூரம் தாங்காது. நீ எப்போது வந்தாலும் ராய்ஸ் வந்து கூட்டிக்கொண்டு வருகிறானாம், அவனாகவே சொன்னான். அவன் வண்டியில் காப்பி கொடுப்பான். தயவுசெய்து வாங்கிக் குடித்துவிடாதே.