கோணிக்காரரும் வெயில் விளக்கும்

இந்த உலகத்தில் கோணிக்காரர் சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கோணி.

கடத்தூர் ரோட்டில் எங்கள் ஊர்க் கைகாட்டி முக்கில், புளியமரத்தடியில் உட்கார்ந்து பழைய கோணிகளைத் தைத்து விற்பது அவர் தொழில். நிஜப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓட்டர் லிஸ்ட் எழுத வந்தவர் கேட்டதற்கே, "எதுக்குங்க?" என்றாராம். எழுத வந்தவர் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த வூட்டுக்குப் போய்விட்டார்.

சைக்கிளுக்குக் கோணி போட்டு மூடியிருப்பார். ரேடியோவுக்கும் கோணிதான். செய்தி வாசிக்கும் நேரத்தில் மூடிவிட்டு, பாட்டுக்குத் திறப்பார். வெள்ளாடு இரண்டுக்கும் சட்டை மாதிரி தைத்துப் போட்டிருந்தார். வெளியே தெரிந்தால் எவனாவது கணக்கெடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயம். ஒரு தடவை தபால் பெட்டியில் கடுதாசி போட்டார். போட்டவர் வூட்டுக்குப் போகவில்லை. தபால்காரர் வந்து பெட்டியைத் திறக்கும் வரை காவல் இருந்து, அவர் பின்னாலேயே சைக்கிளில் போய், கடுதாசிக்கு முத்திரை குத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தார்.

இப்படிப்பட்டவர் இருக்கும் முக்குக்குத்தான் எண்பதுகளில் ஒரு நாள் கவர்மெண்டு ஜீப் வந்தது. ரோட்டோர ஊர்களில் சூரிய வெளிச்சத்தில் எரியும் தெருவிளக்கு வைக்கப் போகிறார்களாம். விளக்கு, கம்பம், பேட்டரி எல்லாம் அரசாங்க மானியம். ஊர்க்காரர்கள் இடம் கொடுத்துக் குழி தோண்டி, விளக்கைப் பார்த்துக்கொண்டால் போதும். பொங்கல் வரைக்கும் ஒழுங்காக எரிந்தால் இன்னும் நாலு விளக்கு கிடைக்கும். எரியாவிட்டால் இதையும் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கோணிக்காரர் ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எங்களுக்கு எதுக்குங்க?"

"எல்லா ஊருக்கும் தர்றோம் பெரியவரே. முதல்ல உங்களுக்கு."

"முதல்ல எங்களுக்கு எதுக்குங்க?"

ஆபீசர் பொறுமைசாலி. மேலே இருக்கும் தகட்டைக் காட்டி, "பகல்ல இது வெயில எடுத்துக்கும். பொழுது சாஞ்சா வெளிச்சமாக் குடுத்துரும்" என்றார்.

கோணிக்காரர் எங்கள் பக்கம் திரும்பி, "எடுத்துக்குமாம்" என்றார். போய் ஊசியை எடுத்துக்கொண்டார். அப்போதே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த விளக்கு எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது கடத்தூரில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துதான் பஸ் ஏறுவேன். எங்கள் முக்கு ஒரே இருட்டு. டிரைவருக்குக் கைகாட்டி தெரியாது. மற்றவர்கள் என்றால் "நிறுத்துங்க" என்று சத்தம் போடுவார்கள். எனக்கு அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் வாய் வராது. வாய் வருவதற்குள் முக்கு போய்விடும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தனியாக ஒன்றரை மைல் இருட்டில் திரும்பி நடப்பேன். வூட்டில் கேட்டால், அங்கே ஒரு வேலை இருந்தது என்பேன். கத்தக் கூச்சம் என்று சொல்லவும் கூச்சம்.

விளக்கு வந்த பிறகு எட்டு நாள் பஸ் தானாக நின்றது. நான் மகாராணி மாதிரி இறங்கினேன்.

அப்புறம் ராகி அறுப்பு வந்தது. எங்கள் பக்கம் கதிரை ரோட்டில் பரப்பி விடுவோம். வெயிலும் காயவைத்துவிடும், பஸ்ஸும் லாரியும் மேலே ஏறித் தவச மணியையும் உதிர்த்துவிடும். என் கதிர் விளக்குக் கம்பத்துக்குக் கீழேயே கிடந்தது. அந்த வாரத்தில் விளக்கு மங்கியது. இரண்டு நாளில் அணைந்தே போனது. நான் மறுபடியும் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஜீப்பில் ஆள் வந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார், டியூப்பை மாற்றினார், தலையைச் சொறிந்தார். அவர்கள் மற்ற ஊர்களைப் பார்த்துவிட்டு வரவே மணி ஐந்தாகிவிடும். கோளாறு தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பிடுங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை, கதிரைப் புரட்டிவிட வேலைக்கு லீவு போட்டேன். உச்சி வெயிலில் தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். கம்பத்து உச்சியில், தகட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு கோணி உட்கார்ந்திருந்தது. ஊரார் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தூசி படாமல் இருக்க ஆபீசர்தான் மூடச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அதுவரை கோணிக்காரரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அண்ணா, அத ஏங்க மூடினீங்க?"

"பின்ன? கீழ உன்ற கதிரு கெடக்குது. மேல அது வெயிலக் குடிக்குது. கம்பத்துகிட்ட மட்டும் காயல, பாத்தியா?"

அங்கே புளியமர நிழல் விழுகிறது. காயாதது அதனால்தான்.

"எரியறது ராத்திரிதான? பகல்ல அதுக்கு என்ன வேல?" என்றார். "அஞ்சு மணிக்கு தொரட்டியால கழட்டி உட்டர்றேன். அப்பறமும் எரியலீன்னா அவங்க குடுத்த சாமான் சரியில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. பஸ் கதையை முழுசாகச் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஒன்ற மைலா?" என்றார். தொரட்டியை எடுத்துக் கோணியை இழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜீப் ஏணியோடு வந்தது. இரண்டு நாள் வெயிலுக்கு விளக்கு மின்மினி அளவுக்குத்தான் எரிந்திருந்தது. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். உண்மையைச் சொன்னால் அவர் மாட்டிக்கொள்வார், சொல்லாவிட்டால் விளக்கு போய்விடும். வழக்கம்போல வாய் வரவில்லை.

கோணிக்காரர் ஏணியைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

"தகட்ட மூடினது நான்தானுங்க."

ஆபீசர் முகம் சிவந்துவிட்டது. "கவர்மெண்டு பொருள்யா அது. உன்னப் புடிச்சு ஸ்டேஷன்ல வெக்கலாம், தெரியுமா?"

"தெரியுங்க. அதான் படுத்துக்க ஒரு கோணி மடிச்சு வெச்சிருக்கறேன்." அக்குளில் நிஜமாகவே இருந்தது.

ஏணி பிடித்தவர் சிரித்துவிட்டார். ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன்யா மூடின?" என்று கேட்டார்.

"உங்க மேல சந்தேகமுங்க."

"இப்ப போயிருச்சா?"

"எங்கீங்க போவும்? இப்பவும் இருக்குது. ஆனா ஒரு பொம்பள இருட்டுல நடந்து வருதுங்க. வெளக்கு இருக்கட்டும்."

யார் என்று கேட்டார்கள். அதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஏணி ஜீப்புக்குத் திரும்பிப் போயிற்று.

விளக்கு பொங்கலுக்கு நன்றாக எரிந்தது. நாலு விளக்கும் வந்தது. கோணிக்காரருக்கோ சந்தேகம் பஸ் டிரைவர் மேல் திரும்பிவிட்டது. வெளிச்சம் இருந்தும் நிறுத்தாமல் போனால் என்ன செய்வது? தினமும் அந்த நேரத்துக்குக் கம்பத்தடியில் வந்து, கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்பார். வருஷங்கள் போய் பேட்டரிகள் செத்து எல்லா விளக்கும் அணைந்த பிறகும் நின்றார். பஸ்ஸும் நின்றது.

நான் இறங்கியதும் பஸ்ஸை முறைத்துவிட்டு, விடுவிடென்று தன் வூட்டுப் பக்கம் நடப்பார். அந்த இருட்டில் அவர் வூடு சேர்ந்து கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரைக்கும் நான் அங்கேயே நின்றிருப்பேன்.