கம்பளிக்குள் பாட்டு

அழகர் பாட்டுப் பெட்டி வாங்கி வந்த அன்றைக்குத்தானா பக்கத்து வீட்டு வீரய்யா சாக வேண்டும்? சாவு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை, சரி. ஆனால் பதுளைக்குப் போய், கடை கடையாய் ஏறி இறங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த பெட்டியில் ஒரு பக்கம் முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி கிளம்பினால், மனுசனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

"ரேடியோ, கெசட்டு, ஒன்னும் பாடக் கூடாது," என்று தேயிலைத் தோட்டத்துத் தலைவர், வரிசை வீடுகள் ஒட்டிக் கிடந்த லயத்து வாசலில் நின்று சொல்லிவிட்டார். "கருமாதி முடியட்டும். வீரய்யா பொஞ்சாதி ராக்கம்மா மனசு நோகப்படாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அழகரும் ஆட்டினான். சட்டைப்பையில் கிடந்த பெட்டியும் சேர்ந்து ஆடியது.

பெட்டி என்றதும் பெரிசாக நினைத்துவிட வேண்டாம். பைக்குள் அடங்குகிற கெசட் பெட்டி. ஹெட்போனைக் காதில் மாட்டினால்தான் பாட்டு. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது அதுதான். முன்னால் ஓடும், பின்னால் ஓடத் தெரியாது. கேட்ட பாட்டை மறுபடி கேட்க ஆசைப்பட்டால் கெசட்டை வெளியே எடுத்து, ஓட்டையில் பேனாவைச் செருகிச் சுற்ற வேண்டும். மேலே பளபளவென்று ஒட்டியிருந்த கம்பனிப் பெயர், பஸ் ஹாலிஎலையைத் தாண்டுவதற்குள் நகத்தோடு உரிந்து வந்துவிட்டது.

"நல்ல சாமானா, நானா?" என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டான்.

"ஜப்பான் சாமான் மாதிரியே இரிக்கி," என்றார் புவாத் நானா. அந்த 'மாதிரி'யை அழகர் கவனிக்கவில்லை.

இத்தனை அவசரமாக வாங்கியதற்குக் காரணம் பூனாகலை. அங்கே ஒரு பெண் அமைந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போனவன் அழகர். இந்த இடத்தில் மட்டும் போட்டோவைப் பார்த்துச் சரி என்றிருந்தார்கள். போட்டோவில் பார்க்க இருந்தது மீசைதான். முறுக்கி, நுனியை மேலே தூக்கி, போட்டோவில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மீசை. அந்த மீசையோடு, சட்டைப்பையில் பெட்டியும் காதில் வயருமாகப் போய் இறங்கினால் பெண் வீட்டார் வாயடைத்துப் போவார்கள் என்பது அவன் கணக்கு. சாவு விழுந்ததில் பெண் பார்க்கப் போவது கருமாதிக்கு மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

ஆனால் ஒரு விசயம் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

பெட்டியோடு வந்து இறங்கியபோது வீரய்யா வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"என்னாடா அது? பாடுமா?"

"பாடும் மாமா."

"எங்க, எனக்கு ஒன்னு போட்டுக் காட்டு."

அழகருக்கு மனசு வரவில்லை. பெரியவர் காது வலியென்று எண்ணெய் விட்டுப் பஞ்சு அடைத்திருந்தார். புது ஹெட்போனில் எண்ணெய் பட்டால் என்னத்துக்கு ஆகும்?

"நாளைக்குக் கேக்கலாம் மாமா," என்றான்.

சரியென்று எழுந்து உள்ளே போன வீரய்யா, நெஞ்சு வலிக்கிறதென்று படுத்தார். அதோடு சரி. அவருடைய ஒரே மகன் கப்பலேறி இந்தியாவுக்குப் போய் வருசக்கணக்காகிறது. நமுனுகுலையில் இருந்த தம்பி மகன் வந்து மண் போட்டுவிட்டு, கருமாதிக்கு வருகிறேன் என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனான்.

இரண்டு நாள் அழகர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். மூன்றாம் நாள் மலையில் சரியான பனி. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனவன் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டான். கம்பளிக்குள் ஹெட்போன் இருந்தால் எவனுக்குத் தெரியும்? பாட்டு ஓடியது. கத்தியும் ஓடியது. நல்ல குத்துப் பாட்டு வந்ததும் கத்தி நின்றது, தோள் மட்டும் ஓடியது.

கங்காணி மேலிருந்து மூன்று தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. சீறிக்கொண்டு இறங்கி வந்தவர், கம்பளிக்குள் தலையைக் குனிந்துகொண்டு குலுங்குகிற உருவத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகத் தோளில் கை வைத்தார். திடுக்கிட்டு நிமிர்ந்த அழகரின் கண்ணில் பனிக்காற்றுக்குத் தண்ணீர்.

"விடுடா அழகரு. வயசு முடிஞ்சி போன மனுசன். இப்பிடியா ஒடைஞ்சி போவ?"

அழகர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எந்தச் சத்தத்தில் பேசுவோம் என்று அவனுக்கே தெரியாது. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ கத்திய வச்சிட்டு வீட்டுக்குப் போ. அந்தப் பொம்பளைக்கு ஆறுதலா கொஞ்ச நேரம் குந்தியிரு."

ஆக, பாட்டுக் கேட்கப் போனவன் பொழுது சாயும்வரை ராக்கம்மா வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. ராக்கம்மா முக்காட்டுக்குள்ளிருந்து அவன் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் வயர் வெளியே தொங்குவதைக் கண்டு அவன் அவசரமாக உள்ளே திணித்தான்.

'அழகர் அழுத அழுகை' அன்று மாலைக்குள் லயம் முழுக்கப் பரவியது. அதற்குமேல் பெட்டியை மலைக்குக் கொண்டுபோகத் தைரியம் இல்லை. வீட்டில் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவதும், வேலை விட்டு வந்ததும் கம்பளியோடு கொல்லைப்புறம் போய்க் கேட்பதும் என்று வைத்துக்கொண்டான்.

அங்கேதான் வில்லங்கம் பிடித்தது.

முதல் பாட்டில் நிறுத்திவிட்டுப் போன கெசட், வந்து பார்த்தால் நாலாவது பாட்டில் நிற்கிறது. தான்தான் மறந்திருப்போம் என்று நினைத்தான். அடுத்த நாள் கவனமாக, பேனாவால் சுற்றி முதலுக்குக் கொண்டுவந்து வைத்தான். மாலையில் பார்த்தால் பக்கம் முடிந்து கிடக்கிறது. அதற்கடுத்த நாள் பாட்டு இழுத்துக்கொண்டே பாடியது. பெட்டரி காலி.

"அம்மா, என் பொட்டியத் தொட்டியா?"

"அந்தச் சனியன நான் எதுக்குத் தொடுறேன்?" என்றாள் ராசம்மா. "விடிஞ்சா மலை, பொழுது சாஞ்சா அடுப்பு. எனக்குப் பாட்டு ஒன்னுதான் கொறச்சல். நீயும்தான் அதக் கட்டிக்கிட்டு அழுவுற. ராக்கம்மா மதினிதான் பாவம். மத்தியானம் சோத்துக்கு வந்து பாத்தா, முக்காட்டுக்குள்ள ஒரே குலுக்கம். 'மதினி, ஒரு வாய் கஞ்சி குடிங்க'ன்னு பக்கத்துல நின்னு கத்துறேன், காதுலயே விழலடா."

அழகர் ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு பஸ் ஏறினான். பெட்டியைப் புவாத் நானாவின் மேசையில் வைத்தான்.

"பெட்டரி தின்னுது நானா. தானா ஓடுது."

புவாத் நானா மூடியைத் திறந்து, மூடி, ஊதி, காதில் வைத்துப் பார்த்தார்.

"பெட்டியில ஒரு பிழையும் இல்ல தம்பி. தானா ஓட ஏலாது. ஊட்டுல வேற யாரும் கேக்குறாங்களா?"

"நானும் அம்மாவும்தான். அம்மா தொடாது. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவோம்."

"அப்ப ஜின்னுதான் கேக்குது," என்று சொல்லிச் சிரித்தார் புவாத் நானா.

அழகருக்குச் சிரிப்பு வரவில்லை. 'எனக்கு ஒன்னு போட்டுக் காட்டு' என்ற குரல், காதில் ஒன்றும் மாட்டாமலே கேட்டது. புதுப் பெட்டரியை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

அதன்பிறகு பெட்டி இடம் மாறிக்கொண்டே இருந்தது. தகரப் பெட்டியிலிருந்து அரிசி மூட்டைக்குப் பின்னால். கெசட் ஓடியது. அங்கிருந்து பாயின் மடிப்புக்குள். ஓடியது. வீட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டான். ராசம்மா முணுமுணுத்துக்கொண்டே பூட்டி, கோழிக்கு இரை போட வேண்டுமே என்று சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நடந்தாள். பூட்டின வீட்டுக்குள்ளும் கெசட் ஓடியது. பூட்டைத் தாண்டி வருவது எதுவென்று அழகருக்கு இப்போது சந்தேகமே இல்லை.

கடைசியாக, அடுப்புக்கு மேலே விறகு அடுக்குகிற அட்டலில், புகைக்குள், விறகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தான். ஏணி வைத்து ஏற வேண்டிய இடம். ஆவிக்கு ஏணி தேவையில்லை என்பது மறுநாள் தெரிந்துபோனது.

அழகர் இளைத்துவிட்டான். சோறு இறங்கவில்லை. வாசலில் வீரய்யா உட்கார்ந்த படியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான். இப்போது அவன் கம்பளிக்குள் உண்மையாகவே அழுதான். ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டுக் கேட்டார் மனுசன். எண்ணெய் பட்டால் துடைத்திருக்கலாமே, பாவி!

"பெத்த புள்ளைகூட இப்பிடி உருக மாட்டான்," என்றது லயம்.

கருமாதி அன்று காலை நமுனுகுலையிலிருந்து சேதி வந்தது. மண் போட்ட தம்பி மகனுக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. ஆற்றங்கரையில் எல்லாம் தயாராக இருந்தது. சவரக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மொட்டை போடத் தலை மட்டும் இல்லை.

"புள்ளையா நின்னு ஒருத்தன் தலையக் குடுத்தாத்தான் போன உசுரு நிம்மதியா போகும்," என்றார் தலைவர். "இல்லாட்டி இங்கனயேதான் சுத்திக்கிட்டு இருக்கும்."

அழகர் லயத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"வேற எவன்? நம்ம அழகருதான்," என்றார் கங்காணி. "மலையில அவன் அழுதத இந்தக் கண்ணால பாத்தேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அழகரின் கை தானாக மேல் உதட்டுக்குப் போனது.

"மீசையுமாங்க?"

"மீசைய வச்சிக்கிட்டு மொட்டையாடா?"

அவன் பூனாகலையை நினைத்தான். போட்டோவை நினைத்தான். அப்புறம் அட்டலை நினைத்தான். போய்ச் சவரக்காரர் முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்தான்.

தண்ணீரில் தலைமுடி போனது. அதற்குப் பின்னால் மீசை போனது, இரண்டு துண்டாக. வருசக்கணக்காய் எண்ணெய் போட்டு வளர்த்த மீசை கல்லில் முட்டித் திரும்பி, ஆற்றோடு போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். போகட்டும், மாமாவும் கூடவே போய்ச் சேரட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டான்.

கருமாதிச் சாப்பாட்டுக்கு வந்தவர்களில் பூனாகலைப் பெண்ணின் தாய்மாமனும் இருந்தார். வீரய்யாவுக்குத் தூரத்துச் சொந்தமாம். கை கழுவிவிட்டு ராசம்மாவிடம் வந்தார்.

"மாப்பிள எங்கங்க? வந்ததுக்கு ஒரு பார்வை பாத்துக்கிட்டுப் போவமேன்னு."

"நான்தாங்க," என்றான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்ற அழகர்.

அவர் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். பார்த்தார். அழகரைப் பார்த்தார். போட்டோவில் மீசை இருந்த இடத்தை விரலால் மறைத்து மறுபடி பார்த்தார்.

"அப்பிடிங்களா," என்றார். "நாளைக்கு எதுக்குங்க அவசரம்? முடியெல்லாம் வளரட்டும். தீவாளி கழிச்சு, தோதுப்பட்டாப் பாப்போம்."

அவர் படி இறங்கும்வரை ராசம்மா சிரித்த முகமாக இருந்தாள். அப்புறம் திரும்பினாள்.

"அடுத்த வீட்டுக்காரனுக்கு மொட்டையடிச்சிக்கிட்டு வந்து நிக்கிறியே, உன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருந்தாக்கூட மசாலா அரைச்சிருப்பேன்டா!"

மூன்றாவது இடமும் போயிற்று. இருந்தாலும் ஒரு நிம்மதி இருந்தது. கருமாதி முடிந்தது. பெரியவர் போய்விட்டார். இனிப் பாட்டைப் பாட்டாகக் கேட்கலாம். அழகர் ஏணியை வைத்து அட்டலில் ஏறினான். முந்தின நாள் காலையில் புதுப் பெட்டரி போட்டு, கெசட்டை முதலுக்குச் சுற்றி வைத்திருந்தான். ஹெட்போனை மாட்டி அமுக்கினான்.

பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இழுத்தார். மூடியைத் திறந்தான். கெசட் மறுபக்கம் திரும்பிக் கிடந்தது.

அழகர் ஏணியிலிருந்து இறங்கினானா விழுந்தானா என்று சொல்ல முடியாது. பெட்டியைக் கையில் பிடித்தபடி நேராக ராக்கம்மா வீட்டுக்குள் ஓடி, அவள் காலடியில் விழுந்தான்.

"அத்தே, என்னைய மன்னிச்சிருங்க. நான் அழுதேன்னு எல்லாரும் சொன்னது பொய்யி. கம்பளிக்குள்ள பாட்டுத்தான் கேட்டேன். மாமா ஒரு பாட்டுக் கேட்டாரு, நான் போட்டுக் காட்டல. அந்த ஆசையிலதான் தெனமும் வந்து கேக்குறாரு. பெட்டரி தீந்துபோவுது. மீசையக்கூட குடுத்துட்டேன், இன்னமும் போகாம நிக்கிறாரு அத்தே!"

ராக்கம்மா முக்காட்டை விலக்கினாள். கண் கலங்கியிருக்கவில்லை. அவன் மொட்டைத் தலையைப் பரிவாக ஒருதரம் தடவிக்கொடுத்தாள்.

"அந்த மனுசன் அன்னைக்கே போயிட்டாரு அழகரு," என்றாள். "நீ அந்தப் பொட்டிய மட்டும் இனிமே அட்டல்ல வைக்காத, இந்த வயசுல என்னால ஏணி வச்சு ஏற முடியல."