ஏற்காட்டுப் பயணத்தில் எது எது சேர்த்தி

பிரெஞ்சு தெரியும் என்று சொல்லி நான் ஒரு நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு எழுதக் கை கூசாது. (என் வீட்டுக்காரரிடம் கலியாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னேன். "அதான் ஊருக்கே தெரியுமே" என்றார்.)

அந்த நாற்காலி வைசியாள் வீதியில் மதாம் நடத்திய தையல் வீட்டில் இருந்தது. நாங்கள் ஏழு பெண்கள். மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, கைத்துண்டு, துரைசானிகளின் கவுன், எல்லாவற்றிலும் பூவேலை செய்வோம். ஆறு பேர் பாயில் உட்கார்ந்து தைப்பார்கள். நான் மட்டும் வாசல் பக்கத்தில் நாற்காலி போட்டு, வருகிற துரைசானிகளுக்கு அளவு எடுத்து நோட்டில் எழுதுவேன். கூலியும் கொஞ்சம் கூட. என் அப்பா முத்தியால்பேட்டை முழுக்க, "எங்க தனம் துரைசானிங்களோட பிரெஞ்சுல பேசுது" என்று சொல்லி வைத்திருந்தார்.

நான் படித்தது கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும். பிரெஞ்சில் எனக்கு வந்தது ஒரு ஜெபம், ஒன்றிலிருந்து எண்ணிக்கை, அப்புறம் ஆமாம் என்பதற்கு "வுய்" என்ற ஒரு வார்த்தை. எண்ணிக்கையும் அறுபத்தொன்பது வரைதான். அவர்கள் எழுபதை "அறுபது பத்து" என்று சொல்கிறவர்கள். அங்கே எனக்குத் தலை சுற்றிவிடும். அதனால் இடுப்பு எழுபதைத் தாண்டிய துரைசானிகளுக்கெல்லாம் நான் அறுபத்தொன்பது என்றே எழுதினேன். (அவர்களுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது, கவுனைப் போட்டுப் பார்க்கும்வரை.)

மதாம் தமிழ்க்காரிதான். அவர் வீட்டுக்காரர் சைகோனில் பட்டாளத்து ஆபீசில் வேலை பார்த்தவர். அவர் காலமானபிறகு மதாம் ஊர் திரும்பி இந்தத் தையல் வீட்டை வைத்தார். கீரைக்காரியிடம் தமிழ், பாயில் இருக்கிறவர்களிடம் தமிழ். என்னிடம் மட்டும் பிரெஞ்சு. ஏனென்றால் வேலை கேட்டுப் போன அன்றைக்கு அவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார், பயத்தில் நான் "வுய், மதாம்" என்றேன். பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அன்றே நாற்காலி வந்துவிட்டது. நாற்காலி வந்தபிறகு எப்படித் தெரியாது என்று சொல்வது? சொன்னால் பாயில் உட்கார வேண்டும், அப்பா முத்தியால்பேட்டையில் தலை காட்ட முடியாது. ஆகவே அவர் எது சொன்னாலும் "வுய், மதாம்" என்றே காலம் தள்ளினேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுக் கொடுத்து, எல்லையில் இருந்த சுங்கச் சாவடியையும் எடுத்துவிட்ட சமயம். ஒரு பெரிய குடும்பம் பிரான்சுக்கே கப்பலேறப் போகிறது என்று வீட்டுத் துணி அத்தனைக்கும் எங்களிடம் பூவேலை கொடுத்தார்கள். இரண்டு மாசம் கண் பூத்துப் போகிற மாதிரி தைத்தோம். கடைசித் துணி மடித்த அன்று மதாம் எங்கள் நடுவில் வந்து நின்று, தமிழிலேயே சொன்னார். எங்கள் எல்லாருக்கும் வக்கான்ஸ், அதாவது விடுமுறை, தரப்போகிறாராம். ஏற்காட்டு மலைக்கு மூன்று நாள். பஸ் அவர் பொறுப்பு. தங்க ஒரு பங்களாவும் சொல்லிவிட்டாராம். மற்றபடி எந்தெந்தச் செலவு அவருடையது என்பதை என்னோடு பேசி முடிவு செய்து, என் வாயாலேயே சொல்லி அனுப்புவாராம்.

"வக்கான்ஸா?" என்றாள் அஞ்சலை, மதாம் உள்ளே போனதும். "வாய்க்கரிசி மாதிரி இல்ல இருக்குது பேரு." அஞ்சலை குருசுக்குப்பத்துக்காரி. எங்களில் அவள் கைதான் வேகம், வாய் அதைவிட வேகம். மடியில் எட்டு மாசக் கைக்குழந்தையோடு இரண்டு மாசமும் தைத்தவள். பெயரைக் கிண்டல் செய்தாளே தவிர, மலை என்றதும் அவள் முகம் பூத்ததை நான் பார்த்தேன்.

மதாம் என்னைச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார வைத்தார். முதலில் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். "வுய், மதாம்" என்றேன். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒற்றை விரலை உயர்த்தி, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

"லெ ரெப்பா, கொம்ப்ரி?"

ரெப்பா என்றால் சாப்பாடு. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும்போது சொல்கிற சொல், எனக்குத் தெரியும். கொம்ப்ரியும் எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் சிஸ்டர் அந்தச் சொல் இல்லாமல் வாயை மூடமாட்டார். வகுப்பில் பேச்சு, கொம்ப்ரி? நகத்தில் அழுக்கு, கொம்ப்ரி? விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வார். அதாவது, அது கூடாது, புரிந்ததா? நாங்கள் எல்லாரும் "வுய், மா சேர், கொம்ப்ரி" என்று பாடுவோம். ஆக இப்போது மதாம் சொல்வது: சாப்பாடு கிடையாது, புரிந்ததா?

"வுய், மதாம். கொம்ப்ரி" என்றேன்.

மதாம் புருவத்தைத் தூக்கினார். எழுதிக்கொண்டார். அடுத்த விரல். கஃபே, கொம்ப்ரி? காப்பியும் கிடையாது. வுய், மதாம். அடுத்தது குவேர்த்யூர், கொம்ப்ரி? பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குப் போடுகிற அட்டைக்கு அதுதான் பேர். மலைக்குப் புத்தகம் எடுத்து வரக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கும் வுய் என்றேன். கடைசியாகச் சற்று யோசித்து, "லா ஃபமிய், கொம்ப்ரி?" என்றார். குடும்பமும் கூடாது. என் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் சொன்னேன். "வுய், மதாம். கொம்ப்ரி."

மதாம் பென்சிலைக் கீழே வைத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்து, என் கன்னத்தைத் தட்டினார். இவ்வளவும் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தட்டுகிறாரே, என்ன மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

கொம்ப்ரி என்றால் "சேர்த்தி" என்றும் ஒரு அர்த்தம் இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அஞ்சாவதில் அது வராது. முதலில் அவர் நீளமாகச் சொன்னது என்னவென்றால், இவர்களுக்கு எது தேவை என்று உனக்குத்தான் தெரியும், நீ சேர்க்கச் சொன்னதைச் சேர்க்கிறேன், கூச்சப்படாமல் சொல் என்று. ஆக, முடிவு செய்தவள் நான். எனக்குத்தான் தெரியாது.

பாய்க்கு வந்து சொன்னேன். சோறு நம்முடையது. காப்பி கிடையாது. வீட்டு ஆட்கள் வரக்கூடாது. புத்தகம் எதுவும் கொண்டு வரக்கூடாது.

"யாரு புத்தகம்?" என்றார் பெரியநாயகி அக்கா. எங்களில் மூத்தவர், கதிர்காமத்திலிருந்து நடந்தே வருகிறவர். அந்தப் பாயில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை.

"சொன்னாங்க" என்றேன்.

கொடுக்கிறவரிடம் போய் இன்னும் என்ன கொடுப்பாய் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அஞ்சலை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, பால்குடி புள்ளையும் குடும்பத்துல சேர்த்தியா? அதை மட்டும் கேட்டுட்டு வா. இதை உட்டுட்டு எப்படிடி வருவேன்?"

போனேன். மதாம் அறைக் கதவு வரை போனேன். கைக்குழந்தைக்குப் பிரெஞ்சில் என்ன என்று யோசித்தேன். கேட்டால் பதில் பிரெஞ்சில் வரும். பதில் புரியாது. புரியாதது தெரிந்துவிடும். நூறு எண்ணுகிற நேரம் (எனக்கு அறுபத்தொன்பது) அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "கேட்டேன்க்கா, ஆகாதாம்" என்றேன்.

அஞ்சலை குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

புறப்படுகிற நாள் விடியற்காலை மதாம் வீட்டு வாசலில் பஸ் நின்றது. சின்ன பஸ்தான் வரும் என்று நினைத்தோம். வந்தது நாற்பது பேர் பஸ். நாங்கள் ஆறு பேர் ஆளுக்கொரு மூட்டையோடு நின்றோம். அரிசி, புளி, உலைச் சட்டி, குருசுக்குப்பத்துக் கருவாடு. பெரியநாயகி அக்கா ஒரு கட்டு விறகே கொண்டு வந்திருந்தார். காட்டு மலைக்கு விறகு எதற்கு என்று டிரைவர் கேட்டதற்கு, "அந்த ஊரு வெறகு எப்படி எரியுமோ" என்றார். அஞ்சலை மூட்டையில்லாமல், இடுப்பில் குழந்தையோடு, வழியனுப்ப வந்து ஓரமாக நின்றாள்.

மதாம் செருப்பைத் தேய்த்தபடி வெளியே வந்தார். பஸ்ஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்கடி மத்தவங்கல்லாம்? புருசன், புள்ளைங்க, மாமியார்? நாப்பது பேருக்குச் சமைக்கச் சொல்லிப் பங்களாவுக்குத் தந்தி குடுத்திருக்கேன். கம்பளி கூட நாப்பது எடுத்து வச்சிருக்காங்க."

அஞ்சலைதான் வாயைத் திறந்தாள். "நீங்கதான மதாம் குடும்பம் வேணாம்னீங்க. கைப்புள்ளைக்கே ஆகாதுன்னு தனம் வந்து சொல்லிச்சு."

மதாம் என் பக்கம் திரும்பினார். மெதுவாக, பிரெஞ்சில், ஏதோ கேட்டார். நீளமான வாக்கியம். கடைசியில் அந்தச் சொல் இருந்தது. எனக்கு "வுய், மதாம்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அஞ்சலையின் குழந்தை பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வந்த வுய் உள்ளே போய்விட்டது.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாது, மதாம்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் தமிழ் அதுதான். "கொம்ப்ரின்னா கூடாதுன்னு நெனச்சேன். அஞ்சலை கேக்கச் சொன்னத நான் கேக்கவே இல்ல. கேட்டேன்னு பொய் சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு புள்ள" என்றாள் அஞ்சலை. "டிரைவருக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். டிரைவர் தலையாட்டினார், கேட்டது என்று.

மதாம் முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறினார். "மொதல்ல குருசுக்குப்பம் விடு" என்றார் டிரைவரிடம்.

அப்புறம் நடந்ததைப் பயணம் என்பதா, ஆள் பிடிப்பது என்பதா? தெருத்தெருவாக எங்கள் ஸ்பெஷல் பஸ் நின்று நின்று போனது. அஞ்சலையின் புருஷன் அப்போதுதான் கட்டுமரத்தை விட்டு இறங்கியிருந்தார். ஈர வேட்டியோடு ஏறினார். விழுப்புரம் வரை யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. பெரியநாயகி அக்காவின் மருமகன் பல்குச்சியோடு ஏறி, அதைத் துப்புகிற இடம் தெரியாமல் பாதி வழி மென்றுகொண்டே வந்தார். என் அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டபடி ஓடிவந்தார். என்னம்மா சமாசாரம் என்று கேட்டவரிடம் பஸ்ஸே ஒரே குரலில் விவரம் சொல்லிற்று. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலம் வரை மரங்களை எண்ணினார். வழியனுப்ப மட்டுமே வந்த மதாம் இறங்க வழியில்லாமல் வீட்டுச் செருப்போடு ஏற்காட்டுக்கே வந்து சேர்ந்தார்.

அஞ்சலை எனக்குக் கொடுத்த தண்டனை, மூன்று நாளும் குழந்தை என் இடுப்பில். அவள் ஏரிக்கரையில் கையை வீசிக்கொண்டு நடந்தாள். எங்கள் கருவாட்டைப் பங்களாச் சமையல்காரர் வாசம் பிடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். குவேர்த்யூர் என்றால் கம்பளியும்தான் என்பது அந்தக் குளிரில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் மதாம் காப்பியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன். திரும்பிப் போனதும் பாயிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், நாற்காலி வேண்டாம் என்றேன்.

"உக்காருடி" என்றார் தமிழில். "எனக்கு மட்டும் எங்க தெரியும்? சைகோன்ல எதிர்வீட்டு ரொட்டிக்காரிகிட்ட கேட்டுக் கேட்டு வந்த பிரெஞ்சு. இங்க துரைசானிங்க முன்னால வாயத் தொறந்தா கைக்குட்டைய வச்சு மூடிக்கிட்டு சிரிக்கறாளுங்க. அதுக்குப் பயந்துதான் வாசல்ல உன்னை ஒக்கார வச்சேன். நான் எது சொன்னாலும் சிரிக்காம வுய்யின்னவ நீ ஒருத்திதான்."

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இடுப்பில் இருந்த குழந்தை அவர் காப்பியைத் தட்டிவிட்டது.

ஊர் திரும்பியதும் நாற்காலிக்கே போனேன். எழுபதுக்கு மேலே எண்ண அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எண்பதில் அவரே தடுமாறி விட்டுவிட்டார். என் கலியாணம் வரை நாங்கள் இருவரும் பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டோம். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தமிழ்.

எனக்கு மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் மாப்பிள்ளை வீட்டார் வந்து, எது உங்கள் பொறுப்பு, எது எங்கள் பொறுப்பு என்று பேச உட்கார்ந்தபோதெல்லாம், என் வீட்டுக்காரர் என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பி வெளியே தாழ்ப்பாள் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்டால், "அவ புரியாம சரின்னுட்டா நீங்க ஒரு பஸ் ஆளோட வந்துடுவீங்க" என்பார். அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. போன மாசம் பேத்திக்குப் பேச வந்தார்கள். யாரும் சொல்லாமலே நான் எழுந்து உள்ளே போனேன். தாழ்ப்பாள் போட்டது கடைசி மருமகன்.