வாளிக்குள் விழாத பனி

அக்தால் கணவாயில் பனி பெய்ததா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் வானத்துக்குக் கிடையாது. கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த ஒரு தகர வாளிக்கே அது முறைப்படி வழங்கப்பட்டிருந்தது. வாளியில் விழுந்ததை உருக்கி, அளந்து, மாதாமாதம் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிப்பது புருல்சாவின் உத்தியோகம். சராசரியைப் போல இரு மடங்கு பெய்தால் ஊர் ஆடுகளுக்கு அரசு வைக்கோல் உண்டு.

அந்தக் குளிர்காலத்தில் பனி ஆட்டின் வயிற்றைத் தொட்டது. மேய வழியில்லாமல் புருல்சாவின் ஆடுகளிலேயே ஒன்பது செத்துப்போயின. ஆனால் காற்று பனியை வாளிக்குள் விழவிடாமல் மேலாகவே ஓட்டிக்கொண்டு போனது. அந்த மாத வாளிக் கணக்கு பன்னிரண்டு மில்லிமீட்டர். இருபது வருட மாதச் சராசரியும் அதே பன்னிரண்டு. ஆகவே பேரிடர் எதுவும் நிகழவில்லை.

அவள் எழுதிய ஏழாவது கடிதத்துக்கு மாவட்ட அதிகாரி எர்கெஷ் நேரிலேயே வந்து, வாளியைச் சுற்றி இரண்டு வளையமாக மரவேலி போட்டுக் கொடுத்தார். காற்று அடங்கியது. அடுத்த மாதம் வாளி நாற்பது காட்டியது. வைக்கோல் வந்த மாதிரிதான் என்று ஊர் கிடா வெட்டி, எர்கெஷை மறுபடி அழைத்து, முதல் விருந்தாளிக்குரிய மரியாதையாக வெந்த தலையை அவர் முன் வைத்தது. பெரிய மந்தைக்காரர் ஜுமாஷுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த வாளி இன்னிக்கு நேத்தா ஏமாத்துது, ஐயா? இருபது வருஷமா நாலுல ஒரு பங்குதானே காட்டுது!"

ஆட்டுக் காதை அறுத்துக்கொண்டிருந்த எர்கெஷ் கத்தியைக் கீழே வைத்தார். "நிச்சயமாவா?"

"போதும் அண்ணே, சாப்பிடுங்க," என்றாள் புருல்சா.

"நீ சும்மா இரு தங்கச்சி. உண்மையைச் சொல்ல என்ன பயம்?"

"அப்ப எழுதிக் குடுங்க," என்றார் எர்கெஷ். ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது.

பத்தாம் நாள் பதில் வந்தது. பொதுமக்களின் நியாயமான கோரிக்கையை ஏற்று, கடந்த இருபது வருடப் பனியும் நான்கால் பெருக்கப்பட்டதாம். புதிய சராசரி நாற்பத்தெட்டு. எனவே இவ்வருடம் பனி குறைவு என்பது மகிழ்ச்சியுடன் தெரிவிக்கப்படுகிறது. அதே சமயம், பழைய சராசரியோடு ஒப்பிட்டால் முந்தைய இருபது வருடங்களுமே பேரிடர் வருடங்கள். அந்த வருடங்களின் ஆடுகளை, வயதுச் சான்றிதழுடன், உயிரோடு நேரில் காட்டினால் நிலுவை வைக்கோல் உடனே வழங்கப்படும்.

ஜுமாஷைத் திட்டித் தீர்க்கலாம் என்று புருல்சா கதவைத் திறந்தால், வாசலில் அவர் தலைமையில் ஊரே ஆட்டோடு நின்றது. ஊரில் சான்றிதழுக்குக் குத்த அரசாங்க முத்திரை அவளிடம்தான் இருந்தது.

அவள் எல்லாரையும் காத்திருக்கச் சொன்னாள். பட்டிக்குப் போய்த் தன் இளம் ஆட்டை இழுத்துவந்து நிறுத்தி, முதல் சான்றிதழை எழுதினாள்: வயது இருபது. பற்கள் முழுமை. சினை, நான்கு மாதம்.