மூடி போட்டு எடுத்த வானம்

மலைமேலிருக்கும் எங்கள் மாவட்டத்துக்கு 'இருள் வானப் பகுதி' என்ற பட்டம் வாங்கியே தீருவது என்று சுற்றுலாத் துறை முடிவெடுத்தது. விளக்கு வெளிச்சம் கெடுக்காமல் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் ஊர்களுக்குத் தரும் பட்டம் அது. பக்கத்து மாவட்டமும் அதற்கு விண்ணப்பித்திருந்ததால் இது மக்கள் நலன் சார்ந்த அவசரமாயிற்று. விண்ணப்பத்தோடு வானத்தின் படம் ஒன்று வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு ஒப்பந்த ஊழியர் சிகித்தின் தலையில் விழுந்தது. படம் தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று துறைத் தலைவர் இபு எண்டாங், அதாவது எண்டாங் அம்மா, கனிவோடு தெரிவித்தார்.

சிகித் எடுத்த முதல் படம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. பாவம், இணையத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கேமரா தானாகப் போடும் பொய்ப் புள்ளிகளைக் கழிக்க, லென்ஸ் மூடியைக் கழற்றாமலே சில படங்கள் எடுக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஆசைப்பட்டு ஒரேயடியாக ஏற்றினான், வானம் பாசி பிடித்த குளமாயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். கடைசியில், ஊரார் கலப்பை என்று சொல்லும் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளிமேகம் ஒன்று இளஞ்சிவப்பாக விரிந்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இபு எண்டாங்குக்குக் கலங்கவில்லை.

"என்ன மாஸ், இவ்ளோ வெளிச்சமா இருக்கு?" என்றார். எங்கள் பக்கம் 'மாஸ்' என்றால் தம்பி.

"நட்சத்திரம் இபு, அப்படித்தான்..."

"நாம கேக்கறது இருட்டுக்குப் பட்டம். வெளிச்சத்தை அனுப்பினா சிரிக்க மாட்டாங்களா? குறைங்க."

குறைத்தான். இன்னும் குறைக்கச் சொன்னார். அப்போது திரையின் ஓரத்தில் அவர் கண் போயிற்று.

"இது என்ன, சுத்தக் கறுப்பா?"

"அது படமே இல்ல இபு. மூடி போட்டு எடுத்தது. கழிக்கறதுக்கு."

"இதுல வெளிச்சம் இருக்கா?"

"இல்ல."

"பக்கத்து மாவட்டத்துப் படத்துல?"

"நட்சத்திரம் இருக்கும்."

"அப்ப யாரு மாஸ் அதிக இருட்டு?"

சிகித் வாயைத் திறந்தான். வீட்டிலிருக்கும் கைக்குழந்தையும், வேலை நிரந்தரமாயிற்றா என்று தினமும் கேட்கும் மாமனாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். "நாமதான் இபு."

தலைநகரிலிருந்து வந்த நிபுணர் பாக் உண்டுங் அந்தக் கறுப்புப் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல நிபுணரால் ஆகுமா?

"நல்ல ஆழம்," என்றார். "இடது மூலையை ரொம்பப் பக்குவமாப் பண்ணியிருக்கீங்க."

பட்டம் வந்தது. வேலை நிரந்தரமாயிற்று. காபிக் கடைகளில் கறுப்புப் படம் மாட்டுவது நாகரிகமாகி, சிகித் வகுப்பெடுக்க வேண்டியதாயிற்று. மூடியைக் கழற்றிவிட்டு நட்சத்திரங்களோடு வந்து நின்ற ஒரு பெண்ணை, இன்னும் பயிற்சி வேண்டும் என்று அவனே திருப்பி அனுப்பினான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு அந்தப் படத்தை நகர மைதானத்தில் பனைமர உயரத்துக்கு நிறுத்தினார்கள். இருட்டில் கறுப்புப் படம் யாருக்குத் தெரியும்? சுற்றிலும் ராட்சத விளக்குகள் போட்டார்கள். மைதானம் பகலாயிற்று.

கூட்டத்தில் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "என்னப்பா, மேல ஒரு நட்சத்திரம்கூடக் காணோமே?"

இபு எண்டாங் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "எல்லாரும் மேல பாருங்க! இப்ப படத்தைப் பாருங்க! அச்சு அசலா அப்படியே இருக்கா இல்லையா?"

ஊரே அண்ணாந்து பார்த்தது, படத்தைப் பார்த்தது, கைதட்டியது. சிகித் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.