ஒரே அடுப்புப் பங்காளி

சொன்ன ஊருக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்காமலே டூர் நடத்திப் பிழைத்த ஒரே மனிதர், இந்த உலகத்தில் எங்கள் மதுராந்தகம் ‘மாத்தியாச்சு’ அண்ணாத்ததான். மகாபலிபுரம் என்று கிளப்பிய பஸ்ஸை வேடந்தாங்கலில் நிறுத்துவார். “புரோகிராம் மாத்தியாச்சு. கடலு எங்க ஓடிடப் போவுது? பறவைங்கதான் பறந்துபூடும்” என்பார். தோள்வரை சுருட்டை முடி. பஸ் கண்ணாடியில் அதைச் சீவி முடிக்காமல் விசில் ஊத மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சித்திரையில், இமயமலைக் கோயிலுக்கு டூர் போட்டார். நான், அக்கா, அக்கா புருஷன் மூவரும் சேர்ந்தோம். சமையல்காரர், அண்டா, அரிசி மூட்டை சகிதம் நாற்பது பேர். விடிந்ததும் கோயில் என்பார். காபி குடிப்பதற்குள் அது வெந்நீர் ஊற்றாகிவிடும். கிளம்பும் நேரத்தில், பனி விழுந்து பாதை அடைப்பு, அறையிலேயே உப்புமா. மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“ஊருக்குப் போனதும் உன்மேல கேஸ் போடறேன் பாரு!”

“போடுங்க சார். வாய்தாவ நான் மாத்திக்கிறேன்.”

ஒருவழியாகப் பாதை திறந்தது. முழங்கால் அளவு பனியில் ஏறினோம். கோயில் மணி காதில் விழுந்த இடத்தில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

கீழே சாலையில் மறுபடி பனி சரிந்துவிட்டது. உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை, அங்கேயே ஆற்றங்கரையில் எரிக்க வேண்டியதுதான். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. மாமா வழிச் சொந்தமும் ஒருவர் இல்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “தூக்க நாலு பேரு கூட இல்லியேடா” என்றாள். நானோ மச்சான்; கொள்ளி வைக்கும் முறை எனக்கில்லை.

கூட வந்தவர்களோ மெல்லக் கோயில் பக்கம் நகர்ந்தார்கள். “பாவம்தான். ஆனா இவ்ளோ தூரம் வந்துட்டோமே” என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்.

மாத்தியாச்சு குறுக்கே போய் நின்றார். “யாரும் போவக்கூடாது. புரோகிராம் மாத்தியாச்சு. அல்லாருக்கும் தீட்டு.”

“எங்களுக்கு எதுக்குய்யா தீட்டு? அவர் எங்க சொந்தமா?”

“ஊர்லேர்ந்து ஒரே அடுப்புச் சோறுதான துன்னுகினு வர்றோம்? ஒரே அடுப்புல துன்னவன் பங்காளி. தீட்டோட சாமிகிட்ட போறவன் போ. அப்பால வூட்ல எதுனா ஆச்சுன்னா என்னைக் கேக்காத.”

இது எந்தச் சாஸ்திரம் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. தலைமையாசிரியர் மட்டும் மடக்கினார். “அப்ப பங்காளி முறைக்கு நீ கொள்ளி வைப்பியா?”

மாத்தியாச்சு ஒரு தடவை தன் முடியைத் தடவினார். பிறகு சமையல்காரரிடம் பிளேடு கேட்டார்.

அந்தக் குளிரில் ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றி மொட்டையடித்துக்கொண்டார். தன்மேல் கேஸ் போடக் கிளம்பிய மனிதருக்கு, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்கக் கொள்ளி வைத்தார். கூட வந்த அத்தனை பேரும் முறைப்படி நின்றார்கள். கோயிலை யாருமே பார்க்கவில்லை.

எரிந்து அடங்கியதும் ஒரு பாறை ஓரமாக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியிராத அக்கா எழுந்து போனாள். தன் சால்வையை எடுத்து அந்த மொட்டைத் தலையில் போர்த்தினாள்.

“சளி புடிச்சிக்கும். எழுந்து வாங்க, கொழுந்தனாரே.”